இலுப்பை பூத்த ஞாயிறு

பாலக்கரை, திருச்சி
10 டிசம்பர் 1978

செல்வமேரிக்கு,

உன் அண்ணன் இருதயநாதன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். பயப்படும்படி ஒன்றும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆவதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர ஆளும் இல்லை.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் வகுப்பு எடுப்பதோடு சொந்தமாக ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருக்கிறேன். இலுப்பை மரத்தைப் பற்றியது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் சடகோபன் என்ற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு தோப்பு இருக்கிறது. அதில் பழைய இலுப்பைகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய், இலை எப்போது கொட்டுகிறது, பூ எப்போது விழுகிறது, பழம் எப்போது பழுக்கிறது என்று பார்த்து வருகிறேன். ஆற்றங்கரை மரத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வறண்ட மலையடிவாரத்து மரம் ஒன்றையும் கூடவே பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் நீ எழுதிய ஒரே கடிதத்தில், உப்பிலியபுரத்தில் உங்கள் கொல்லையை ஒட்டி இலுப்பைகள் இருப்பதாக எழுதியிருந்தாய். அவற்றை இன்னும் வெட்டவில்லையென்றால், முதல் பூ எந்த நாள் விழுகிறது என்று பார்த்து எழுத முடியுமா?

அப்பா இறந்தபோது நடந்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. அதனால் எழுதவில்லை. மரத்தைப் பார்த்துக்கொள்.

இருதயநாதன்


+
உப்பிலியபுரம்
2 ஜனவரி 1979

அண்ணனுக்கு,

கடிதத்தின் தலையில் சிலுவைக் குறி போடாமல் எழுதியிருக்கிறீர்கள். உபதேசியார் அற்புதசாமியின் மகனா இது? அப்பா இருந்திருந்தால் படிக்காமலே மடித்து வைத்திருப்பார். நான் படித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, இவரோடு வந்து பாலக்கரை வாசலில் நின்றேன். "இந்துப் பையனைக் கட்டுனவளுக்கு இங்க இடமில்லை" என்றார் அப்பா. நீங்கள் அவர் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கப்புறம் அப்பா செத்தது, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒரு கார்டில் எனக்குத் தெரிந்தது. இப்போது இலுப்பை வந்து உங்களுக்குத் தங்கச்சி இருப்பதை ஞாபகப்படுத்தியிருக்கிறது. மரத்துக்காவது அந்தப் புத்தி இருக்கிறதே.

இவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வாத்தியாருக்கு உன் மேல பாசம் இருக்கு. எழுதத்தான் தெரியல" என்று சிரிக்கிறார். செல்லக்கண்ணுக்கு எல்லோரையும் நல்லவர்களாகப் பார்க்கிற வியாதி உண்டு.

மரங்களை வெட்டவில்லை. பார்த்து எழுதுகிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எப்போதும் இருக்கிறது. நீங்கள் "வா" என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வருவேன். சுற்றி வளைத்து எழுதினால் எனக்குப் புரியாது. அந்த ஒரு வார்த்தை வருகிற வரைக்கும் நமக்குள் மரம் மட்டும் போதும்.

செல்வமேரி


+
உப்பிலியபுரம்
20 மார்ச் 1979

அண்ணனுக்கு,

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு விடியற்காலையில் முதல் பூக்கள் விழுந்தன. இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நிற்கும்போதே கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வருகிறது. கொஞ்சம் தடித்த, வெளுத்த பூ. வாயில் போட்டால் வெல்லம் மாதிரி இனிக்கிறது. நான் போடவில்லை. தவக்காலத்தில் இனிப்பு விட்டிருக்கிறேன். ராத்திரி வௌவால்கள் வந்து தின்றுவிட்டுச் சண்டை போடுகின்றன. அவைகளுக்கு விரதம் இல்லை.

இங்கே பக்கத்தில் நம் கோயில் கிடையாது. பூசைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் போகும். போனாலும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்தவளுக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுக்க மாட்டார்கள். அதற்காக விரதத்தை விட முடியுமா?

மேரி


பாலக்கரை
17 ஜூன் 1979

மேரிக்கு,

உன் கடிதம் உபயோகமாக இருந்தது. தேதி போட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் மாமரம் பூத்ததைக்கூட அப்பா தவக்காலத்தை வைத்துத்தான் சொல்வார், அதனால் எனக்குச் சிரமமில்லை. லைப்ரரியில் ஒரு டைரியைப் புரட்டி உன் ஞாயிற்றை மார்ச் பதினொன்று என்று மாற்றிக்கொண்டேன்.

இதையெல்லாம் எதற்குச் செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் படித்தேன். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்துக் காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறதாம். அது போர்வை மாதிரி சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். இப்படியே போனால் அடுத்த தலைமுறை காலத்தில் பூமியின் வெப்பம் கூடலாம், மழை வரும் மாதங்கள் மாறலாம் என்கிறார்கள். எங்கள் துறையில் விக்டர் என்று ஒருவர், "திருச்சியில இதுக்கு மேல என்ன சார் சூடு ஏறணும்" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்படி ஒரு காலம் வந்தால் நம் ஊர் மரம் என்ன செய்யும்? மூன்று வழிதான். புதிய சூட்டுக்குப் பழகிக்கொள்ளலாம். விதையைத் தோதான வேறு இடத்துக்கு அனுப்பி அங்கே பிழைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் அழியலாம். இலுப்பைக்கு ஒரு கஷ்டம் கூடுதலாக இருக்கிறது. நெல்லைப் போல அதன் கொட்டையைப் பத்திரப்படுத்த முடியாது. பழம் விழுந்த சில நாட்களுக்குள் ஈரமான மண் கிடைக்க வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். வெயில் முந்தி பூவும் முந்தினால், பழம் முந்தி விழும். மழை முந்தாது.

சடகோபன் தோப்பில் இதைத்தான் பார்க்கிறேன். "பூக்கறது, காய்க்கறது, ஒரு குறையும் இல்லை. ஆனா ஒரு கன்னு எழுந்திருக்கலையே, புரொபசர். பெருமாள் திருவுள்ளம் என்னவோ" என்கிறார் அவர். உன் மரத்தடியில் கன்றுகள் இருக்கின்றனவா?

இருதயநாதன்


+
உப்பிலியபுரம்
19 ஆகஸ்டு 1979

அண்ணனுக்கு,

கன்று இல்லை.

முதலில் மாமியாரைத்தான் சந்தேகப்பட்டேன். எண்ணெய் ஆட்டுவதற்கு வெள்ளையம்மாள் ஒரு கொட்டை விடாமல் பொறுக்கிவிடுவார். அதனால் ஒரு மரத்துக்கு மட்டும் முள் வேலி போட்டு, "இதை யாரும் தொடக் கூடாது, எங்க அண்ணன் கேட்டிருக்காரு" என்று சொன்னேன். உங்கள் பெயரை இந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பழம் விழுந்தது. வெயில் அடித்தது. ஆடிக் காற்று வந்து மண்ணை வாரிக்கொண்டு போனது. இப்போது ஆவணியில் மழை பெய்கிறது. கொட்டைகளை உடைத்துப் பார்த்தேன், உள்ளே பருப்பு சுருங்கிக் கருத்திருக்கிறது.

மரத்துக்கு மூன்று வழி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நான்காவதாக ஒன்று தெரிகிறது. பழகாது, நகராது, சாகவும் சாகாது. வருஷா வருஷம் பூத்துக்கொண்டு, பிள்ளை இல்லாமல் அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருப்பதாகத் தெரியும். எனக்குப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. உங்களுக்குக் கல்யாணமே இல்லை. அந்த மரத்தடியில் நிற்கும்போது எனக்குத் தனியாக இருக்கிறது, அண்ணே. வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. இவர் இருக்கிறார், நல்ல மனுஷன். ஆனாலும் சின்ன வயசில் நான் எப்படி இருந்தேன் என்று தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மேரி


பாலக்கரை
9 செப்டம்பர் 1979

மேரிக்கு,

நீ எழுதிய நான்காவது வழியைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தேன்.

தோன்றுகிற ஒன்றைச் சொல்கிறேன். பச்சைமலை மேலே உங்கள் ஊரைவிடக் குளிர்ச்சி. கோடை மழையும் கொஞ்சம் கிடைக்கும். அடுத்த வருஷம் பழம் விழுந்ததும், கொட்டை காய்வதற்குள், ஒரு கூடை மேலே கொண்டு போய் விதைத்துப் பார்க்க முடியுமா? வௌவால் அவ்வளவு தூரம் தூக்கிப் போகாது. மனிதர்தான் போக வேண்டும். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மரத்தைப் பார்த்துக்கொள். உன்னையும்.

இருதயநாதன்


+
உப்பிலியபுரம்
27 ஜூலை 1980

அண்ணனுக்கு,

"உன்னையும்" என்று போன வருஷம் ஒரு வார்த்தை சேர்த்திருந்தீர்கள். இந்த வேகத்தில் போனால் "வா" என்று எழுத நீங்கள் ரிட்டயர் ஆக வேண்டும்.

இந்த வருஷமும் இரண்டாம் ஞாயிறுதான் முதல் பூ. அதற்கு முன்னால் ஒரு கூத்து. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று அடுப்புச் சாம்பலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நாமெல்லாம் மண்தானே என்று சொல்லிக்கொண்டேன். வேறு யார் எனக்குப் பூசிவிடப் போகிறார்கள்? மாமியார் பார்த்துவிட்டு, "இப்பவாவது நெத்தியில திருநீறு வச்சியே, மகராசி" என்று கண் கலங்கிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார். நான் மறுக்கவில்லை. கவிச்சி சாப்பிடாமல் இருப்பதையும் மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பழம் ஆனியில் விழுந்தது. இவர் ஒரு சாக்கில் ஈர மண் போட்டுக் கொட்டைகளை அதில் புதைத்து எடுத்துக்கொண்டார். சோபனபுரம் வழியாக மலை ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "மச்சான் சார்பா இதையும் நான்தான் சுமக்கணுமா" என்று கேட்டுக்கொண்டே சுமந்தார். மேலே செங்காட்டுப்பட்டியைத் தாண்டி ஒரு ஓடையோரம் விதைத்தோம். போன வாரம் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முளைத்திருக்கிறது. எல்லாம் இல்லை, ஆனால் முளைத்திருக்கிறது. இலை தளதளவென்று செம்பு நிறத்தில் இருக்கிறதாம்.

கீழே வேலிக்குள் விட்ட கொட்டை ஒன்றும் முளைக்கவில்லை.

மேரி


+
உப்பிலியபுரம்
24 மார்ச் 1981

அண்ணனுக்கு,

இந்த வருஷம் தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு முதல் பூ. இவர் மாசி மகத்துக்குப் போய்விட்டு வந்த வாரம்.

இந்தத் தடவை வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மேரி


பாலக்கரை
5 மே 1981

மேரிக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் இந்த வருஷம் பிப்ரவரிக் கடைசியிலேயே பூ விழுந்துவிட்டது. உன் மரமோ மூன்றாம் ஞாயிறு என்கிறாய். பார்த்தேன், மார்ச் இருபத்திரண்டு. ஒரு மாதம் பிந்தி! இத்தனைக்கும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மலையடிவாரத்து மரம் தன் காலத்தைத் தானே தள்ளிப்போடக் கற்றுக்கொள்கிறது. பூ பிந்தினால் பழமும் பிந்தும். பழம் பிந்தினால் மழையைப் பிடித்துவிடும். வறட்சியிலேயே வளர்ந்த மரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் உள்ளுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. ஆற்றங்கரை மரத்துக்கு இல்லை. அப்படியானால் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியதில்லை. விட்டுவிட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும்.

போன வாரம் துறைக் கூட்டத்தில் இதைப் படித்தேன். விக்டர்கூட எழுந்து கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆள் தேடினேன். சுவரில் அப்பா படம்தான் இருந்தது.

நீ ஏன் ஒன்றும் எழுதவில்லை? உடம்பு சரியில்லையா?

இருதயநாதன்


பாலக்கரை
2 ஆகஸ்டு 1981

மேரிக்கு,

ஆனி பிறப்பதற்கு முன்பே பழம் விழுந்துவிட்டது, இந்த வருஷமும் கொட்டையை மேலே கொண்டு போய்விட்டோம் என்று ஒரு கார்டு போட்டிருந்தாய். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மார்ச்சுக் கடைசியில் பூத்த மரம் அவ்வளவு சீக்கிரம் பழுக்காது. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மாசி மகத்துக்குப் போய்விட்டு வந்த வாரம் என்று எழுதியிருக்கிறாய். சடகோபன் வீட்டில் பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்தேன். மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிறு பிப்ரவரி இருபத்திரண்டு. அன்றைக்குத் தவக்காலமே ஆரம்பிக்கவில்லை. இந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் நான்காம் தேதி.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. கோயில் இல்லாத கிராமங்களில் இருக்கிற கிறிஸ்தவர்களுக்கு அவர் ஒரு சுலபமான கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் சாம்பல் புதன். நீ அந்தக் கணக்கைத்தான் உன் மாமியார் வீட்டுப் பஞ்சாங்கத்தை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய். பெரும்பாலான வருஷம் அது சரியாக வரும். பௌர்ணமி மார்ச் இருபத்தொன்றுக்கு முன்னால் வந்துவிட்டால் அடுத்த பௌர்ணமிக்குப் போக வேண்டும் என்பதை அப்பா சொல்லாமல் விட்டுவிட்டார். இந்த வருஷம் அது ஒரு நாள் முந்திவிட்டது, உன் தவக்காலம் முழுசாக நாலு வாரம் முந்திவிட்டது.

உன் மரத்துக்கு ஒரு சாமர்த்தியமும் இல்லை, மேரி. அதுவும் ஸ்ரீரங்கத்து மரம் பூத்த அதே வாரத்தில்தான் பூத்திருக்கிறது. மூன்று வருஷத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று நான் சொன்னது தப்பு. தப்பு என்பதைத் துறையில் எழுந்து சொல்லிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் வேறு. உலகத்தில் எல்லோரும் தவக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் நீ ஒருத்தி மட்டும் ஆரம்பித்து, எல்லோரும் நடுவில் இருக்கும்போது நீ மட்டும் தனியாக ஈஸ்டர் கொண்டாடி முடித்திருக்கிறாய். பாலக்கரைக் கோயிலில் வருஷா வருஷம் காலண்டர் கொடுக்கிறார்கள். அப்பா போனதிலிருந்து நான் கோயிலுக்குப் போவதில்லை. காலண்டர் மாட்டுகிற ஆணி சுவரில் அப்படியே இருக்கிறது. எனக்கு வேண்டாம் என்றாலும் உனக்கு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கலாம். தோன்றவே இல்லை.

இதை உன்னிடம் சொல்லாமலே கணக்கை மட்டும் திருத்திவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அது கோழைத்தனம். இந்த வீட்டு வாசலில் ஒரு தடவை கோழையாக நின்றது போதும்.

வா, மேரி. செல்லக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்


+
உப்பிலியபுரம்
26 பிப்ரவரி 1982

அண்ணனுக்கு,

ஆகஸ்டில் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதில். டிசம்பரில் அனுப்பிய காலண்டரும் வந்தது. சமையல் கட்டில் மாட்டியிருக்கிறேன். மாமியாருக்கு மாதா படம் பிடித்துவிட்டது, பொட்டு வைத்திருக்கிறார். நேற்று முன்தினம் சாம்பல் புதன். காலண்டரைப் பார்த்துத்தான் பூசிக்கொண்டேன்.

நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னது எனக்கு முன்பே தெரியும்.

போன வருஷம் மார்ச் இருபத்திரண்டாம் தேதி, என் கணக்குப்படி ஈஸ்டர். அந்த முறை எனக்கு என்னவோ வீம்பு விட்டுப்போயிற்று. ஈஸ்டருக்குக் கூடவா ஒருத்தர் "வா" என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு, இருட்டோடு கிளம்பி முதல் பஸ் ஏறினேன். இவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் பேசிட்டு வாங்க. நான் எதுக்கு நடுவுல" என்று சொல்லிவிட்டார். பாலக்கரையில் இறங்கி முதலில் கோயிலுக்குள் போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. பீடத்தில் ஒரு பூ இல்லை. சாமியார் ஊதா உடுப்பில் நின்றார். அல்லேலூயா எப்போது பாடுவார்கள் என்று காத்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். என் புடவையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தவக்காலம் மூணாம் ஞாயிறும்மா. நீங்க எந்த ஊரு?" என்றார்.

என்னைப் பார்த்து எந்த ஊரு என்கிறார். நான் அந்தத் தெருவில் பிறந்தவள். ஞானஸ்நானம் வாங்கியது அந்தக் கோயிலில். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தப் புடவையோடு, அந்த அதிரசத்தோடு, "ஈஸ்டர் வாழ்த்து" என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன். இவரிடம், அண்ணன் வீட்டில் இல்லை என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் உங்களுக்கு அந்தச் சின்னக் கடிதத்தை எழுதினேன். பூ விழுந்தது என் மூன்றாம் ஞாயிறு. அதை அப்படியே எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மறுபடியும் விரதம் இருந்தேன். மாமியார் கோழி அடித்து வைத்திருந்தார். "இன்னும் நாலு வாரம் இருக்கு அத்தே" என்றேன். "உங்க சாமிக்கு ஒரு தடவ பத்தலையா" என்று கேட்டார். சித்திரைப் பௌர்ணமி அன்று நிஜ ஈஸ்டர் வந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினேன். முதல் ஈஸ்டருக்கு உலகத்தில் யாரும் என்னோடு இல்லை, ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். இரண்டாவதற்கு எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது "வா" என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியைக் கையால் தடவிப் பார்த்தேன். ஆனால் நான் வரவில்லை, அண்ணே. கோபத்தில் சொல்லவில்லை. ஒரு தடவை வந்து திரும்பிவிட்டேன். அடுத்த தடவை உங்களுடையது.

மலைமேல் முதலில் வைத்த கன்றுகள் என் முழங்கால் உயரம் வந்துவிட்டன. கீழே வேலிக்குள் இன்னும் ஒன்றும் இல்லை.

மேரி


+
பாலக்கரை
10 ஏப்ரல் 1982, பெரிய சனிக்கிழமை

அன்புள்ள மேரிக்கு,

தலையில் குறி போட்டிருக்கிறேன், பார்த்தாயா. கை கொஞ்சம் கோணிவிட்டது.

இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் உன்னிடம் வந்து சேரும். இப்போது இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் போகிறேன். நாளை ஈஸ்டர். காலண்டரில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். கல்லூரிக்கு விடுமுறை விட்டாயிற்று. பழம் விழுகிற வரைக்கும் அங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன், உன் மாமியார் விட்டால். செல்லக்கண்ணு எனக்காக இரண்டு வருஷம் சாக்குத் தூக்கினார். இந்த வருஷம் நான் தூக்குகிறேன். ஆற்றங்கரைக் கொட்டையும் மலையில் முளைக்குமா என்று பார்க்க வேண்டும். சடகோபன் தோப்பில் பழம் விழுந்ததும் ஈர மண்ணில் போட்டு பஸ்ஸில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். "மலை மேல ஏறினாலாவது பிழைக்கட்டும், சுவாமி" என்றார்.

நேரில் வருகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். நேரில் பார்த்தால் நான் மரத்தைப் பற்றித்தான் பேசுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் மற்றதைத் தபாலில் அனுப்புகிறேன். செவ்வாயோ புதனோ வரும். என் எதிரிலேயே பிரித்துப் படி.

போன வருஷம் அந்த ஞாயிறு நீ வீட்டு வாசல் வரைக்கும் வந்திருந்தாலும் பூட்டைத்தான் பார்த்திருப்பாய். நான் ஸ்ரீரங்கத்தில் இருந்தேன். செல்லக்கண்ணுவிடம் நீ சொன்னது பொய்யில்லை, அதை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூட நான் தோப்புக்குப் போகவில்லை. கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். புதுப் புடவையோடு ஒருத்தி எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. அன்றைக்கு அப்பா பின்னால் நின்று நான் தரையைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். தரையைப் பார்க்கவில்லை. உன் செருப்பைப் பார்த்தேன். இடது கால் செருப்பில் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தாய். இதைப் போட்டுக்கொண்டு இவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடப்பாள் என்று நினைத்தேன். உள்ளே அம்மா விட்டுப்போன செருப்பு ஒரு ஜோடி இருந்தது. எடுத்து வந்து கொடுக்க நாலு எட்டு போதும். நான் நின்றுகொண்டே இருந்தேன். நீ நடந்து போய்விட்டாய். பதின்மூன்று வருஷமாக அந்தச் செருப்பு அலமாரியில்தான் இருக்கிறது. தோல் காய்ந்து போய்விட்டது, யாரும் போட முடியாது. இருந்தாலும் கொண்டு வருகிறேன்.

படித்து முடித்தாயா? ஒன்றும் சொல்ல வேண்டாம். எழுந்து வா. மரத்தைக் காட்டு.

அண்ணன்